பாரிஸில் நல்ல வெளிநாட்டுச் சாப்பாடு: உணவகப் பட்டியலை விடுங்கள், மெட்ரோ வரைபடத்தை எடுங்கள்

கேள்வி இதுதான்: வேலை விஷயமாக ஆறு மாதம் பாரிஸில் தங்கப்போகிறார் ஒருவர். மனைவியும் உடன் வருகிறார், அவர் சைவம். பிரெஞ்சுச் சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கு ஆள் சொல்லிவிட்டார்கள். ஆனால் வியட்நாம், சீனா, அரபு நாடுகள், ஆப்பிரிக்கா, ஜப்பான் என்று உலகத்துச் சமையல் எல்லாம் அங்கே அசலாகக் கிடைக்குமாமே, அதில் நல்ல இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? இணையத்தில் 'தலைசிறந்த பத்து' பட்டியல்களைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்கிறார்.

ஒத்துப்போகாது. அந்தப் பட்டியல்களில் பாதி, அலங்காரம் நன்றாக இருக்கிற, புகைப்படம் அழகாக விழுகிற கடைகள். மீதிப் பாதி, பட்டியல் எழுதியவர் குடியிருக்கும் தெருவுக்குப் பக்கத்தில் இருப்பவை. பாரிஸில் ஒரு நாட்டின் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்பதை முடிவு செய்வது அந்த நாட்டு மக்கள் எந்த வருடம், எதற்காக வந்தார்கள், எந்த இடத்தில் வாடகை குறைவாக இருந்தது என்கிற சங்கதிதான். அது தெரிந்துவிட்டால் உணவகத்தின் பெயரே தேவையில்லை. மெட்ரோ நிலையத்தின் பெயர் போதும்.

இதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் வெளிநாட்டுச் சாப்பாடுகூட இல்லை. மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் வரிசையாக க்ரேப் கடைகள், நம் தோசை போன்ற மெல்லிய அடை. ஏன் அங்கே மட்டும் அத்தனை? க்ரேப் பிரான்ஸின் மேற்குக் கோடியில் உள்ள பிரெத்தான்ய் பகுதியின் சாப்பாடு, அங்கிருந்து வரும் ரயில்கள் அந்த நிலையத்தில்தான் வந்து நிற்கும். பிழைப்புத் தேடி வந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிய இடத்திலேயே தங்கினார்கள், ஊர்க்காரர்களுக்காகக் கடை போட்டார்கள். வியட்நாமியர், துனிசியர், மாலிக்காரர், நம் யாழ்ப்பாணத்துக்காரர் என்று பின்னால் வந்த எல்லோர் கதையும் கிட்டத்தட்ட இதேதான். சொந்த நாட்டுக்காரனுக்கே அப்படி நடந்திருக்கிறது என்றால் மற்றவர்களைக் கேட்பானேன்.

எனவே மூன்று மெட்ரோ வழித்தடங்களை நினைவில் வையுங்கள்: 7, 2, 4. ஆறு மாதச் சாப்பாட்டில் பெரும்பகுதி இந்த மூன்றில் முடிந்துவிடும்.

முதலில் 7. அதன் தெற்கு முனையில், பதின்மூன்றாம் வட்டாரத்தில், தொல்பியாக் நிலையத்துக்கும் ஷுவாசி வாசல், இவ்ரி வாசல் நிலையங்களுக்கும் இடையில் உயரமான குடியிருப்புக் கோபுரங்கள் நிற்கும். ஒலிம்பியாட் என்று பெயர். நவீன நகர வாழ்க்கைக்காக என்று 1970களில் கட்டினார்கள். பாரிஸ்காரர்களுக்கு அந்தக் கான்கிரீட் பிடிக்கவில்லை, வீடுகள் காலியாகக் கிடந்தன. 1975இல் சைகோனும் புனோம் பென்னும் கம்யூனிஸ்டுகளிடம் வீழ்ந்தன. வியட்நாம், கம்போடியா, லாவோஸ் அகதிகள் வந்து சேர்ந்தபோது காலியாக இருந்த வீடுகள் அவைதான். வந்தவர்களில் பலர் அந்த நாடுகளில் தலைமுறைகளாக வணிகம் செய்துவந்த, தென்சீனக் கரையோரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தியோச்சு சீனர்கள். அதனால் இந்த வட்டாரத்தைச் 'சீனப் பேட்டை' என்று எல்லோரும் சொன்னாலும் இங்கே நீங்கள் தேட வேண்டியது பெய்ஜிங் சமையலை அல்ல. வியட்நாமிய நூடுல் சூப்பான ஃபோ, லாவோஸின் கொத்திறைச்சி சாலட்டான லாப், புனோம் பென் நூடுல் சூப், கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் வாத்து, இவைதான் இந்த மண்ணின் சரக்கு.

ஷுவாசி அவென்யூவில் 'ஃபோ 14' என்கிற கடைக்கு முன்னால் எந்நேரமும் வரிசை நிற்கும். வரிசையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உள்ளே யாரும் உட்கார்ந்து கதை பேசுவதில்லை, வேகமாக நகரும். கிண்ணம் வரும்போதே துளசி வகை இலையும் முளைப்பயறும் எலுமிச்சைத் துண்டும் தனித் தட்டில் வரும். இலைகளைக் கிள்ளிப் போட்டு, முதலில் சாற்றை மட்டும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கடையின் தரம் அந்த ஒரு வாயில் தெரிந்துவிடும். இறைச்சி எலும்பையும் பட்டை, அன்னாசிப்பூவையும் மணிக்கணக்கில் கொதிக்க வைத்த சாற்றுக்கும், பொடியைக் கரைத்த சாற்றுக்கும் உள்ள வித்தியாசம் ரசம் வைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இவ்ரி அவென்யூவில் லாவோஸ் சாப்பாட்டுக்கு 'லாவ் லான் ஸாங்' இருக்கிறது. ஒட்டும் அரிசிச் சோற்றைக் கையால் உருட்டி, புதினாவும் வறுத்த அரிசிப் பொடியும் சேர்த்த லாப்போடு சாப்பிட வேண்டும். பச்சைப் பப்பாளி சாலட்டில் காரம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் தயங்காமல் 'நிறைய' என்று சொல்லுங்கள். பிரெஞ்சுக்காரர் முகத்தைப் பார்த்துப் பழகியவர்கள், நாமாகச் சொன்னால் ஒழிய மிளகாயை எண்ணித்தான் போடுவார்கள்.

அதே தெருவில் தாங் ஃப்ரேர். லாவோஸிலிருந்து வந்த சீன வம்சாவளிச் சகோதரர்கள் 1976இல் தொடங்கிய மளிகைக் கடை, இன்று பெரிய நிறுவனம். சாப்பிடப் போகாவிட்டாலும் ஒரு முறை உள்ளே சுற்றி வாருங்கள். மளிகைக் கடைக்குப் பக்கத்தில் உணவகம் தேடுவது எந்த ஊரிலும் நல்ல வழி. சமையல்காரருக்குப் புதிய இலையும் மீன் சாறும் நடந்து போகிற தூரத்தில் கிடைக்கிறது, மளிகை வாங்க வருகிற அந்த ஊர்க்காரர்களே வாடிக்கையாளர்களாகவும் இருக்கிறார்கள். கடையின் தரத்தைக் காப்பாற்றுவது அவர்கள்தான். போகிற வழியில் பான் மீ என்கிற வியட்நாமிய சாண்ட்விச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிரெஞ்சு பகெத் ரொட்டி காலனி ஆட்சியோடு வியட்நாம் போய், அங்கே ஊறுகாய்க் காரட்டும் கொத்தமல்லியும் மிளகாயும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. நல்ல உணவகத்தில் ஒரு காப்பிக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் கொடுக்கிற காசில் மதியச் சாப்பாடே முடிந்துவிடும்.

அதே 7ஆம் வழித்தடத்தில் வடக்கே வந்து பிரமிட் நிலையத்தில் இறங்கினால் வேறு உலகம். ஓப்ரா அரங்கத்துக்கு அருகே ரூ சேன்ட்-ஆன் ('ரூ' என்றால் தெரு). இங்கே அகதிகள் கதை கிடையாது. ஜப்பானிய நிறுவனங்களும் வங்கிகளும் பயண முகவர்களும் இந்தப் பகுதியில் அலுவலகம் போட்டபோது அவர்களுக்குச் சோறு போட வந்த கடைகள் இவை. அதனால்தான் இங்கே கிடைப்பது அலுவலகக்காரரின் மதிய உணவு: ராமென், உடோன் என்கிற நூடுல் வகைகள், பொரித்த இறைச்சியான கட்சு, கறிச் சோறு. உடோனுக்குப் பக்கத்துத் தெருவில் 'குனிதொராயா' பெயர்போனது. இப்போது கொரியக் கடைகளும் நிறைய வந்துவிட்டன.

ஜப்பானிய உணவு பற்றி ஒரு எச்சரிக்கை. பாரிஸின் எந்த வட்டாரத்திலும் 'சுஷி-யாக்கிதோரி' (சுஷியும் குச்சியில் சுட்ட இறைச்சியும்) என்று பலகை போட்ட கடைகள் இருக்கும். உள்ளே ஒரே மாதிரிச் செட் மெனு: கோஸ் சாலட், மிசோ சூப், சுஷி ஆறு துண்டு, அப்புறம் பாலாடைக்கட்டியை மாட்டிறைச்சியில் சுற்றிச் சுட்ட குச்சி. அந்தக் குச்சி பாரிஸ் ஜப்பானியச் சமையலின் சொந்தக் கண்டுபிடிப்பு. கடையை நடத்துவது பெரும்பாலும் சீனக் குடும்பங்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, பசிக்குச் சாப்பிடலாம், நானே சாப்பிடுவேன். ஆனால் நீங்கள் தேடி வந்தது அது அல்ல. நம்மூர்ச் சாப்பாட்டுக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கிறது: பாரிஸில் 'இந்திய உணவு' என்றாலே பிரெஞ்சுக்காரருக்கு முதலில் நினைவுக்கு வருவது சீஸ் நான். உள்ளே உருகியிருப்பது பெரும்பாலும், குழந்தைகள் ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிற, சிரிக்கும் மாட்டுப் படம் போட்ட அந்த முக்கோணச் சீஸ்.

சரி, 2ஆம் வழித்தடம். பாரிஸின் வடக்கையும் கிழக்கையும் சுற்றிப் போகிறது, கொஞ்ச தூரம் பாலத்தின் மேலேயே ஓடும். எனக்குப் பிடித்த வழித்தடம் இது. பெல்வில் நிலையத்தில் இறங்கினால் ஒரே நாற்சந்தியில் மூன்று நான்கு குடியேற்றங்கள் அடுக்கடுக்காகத் தெரியும். 1956இல் துனிசியா சுதந்திரம் அடைந்ததற்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கிருந்து யூதர்களும் முஸ்லிம்களும் வந்து பெல்வில் பெருஞ்சாலையில் அடுத்தடுத்துக் கடை வைத்தார்கள். பொரித்த சிறு ரொட்டிக்குள் சூரை மீன், அவித்த முட்டை, ஒலிவக்காய், ஹரிஸ்ஸா வைத்துத் தரும் ஃப்ரிகாஸே அவர்கள் கைவண்ணம். ஹரிஸ்ஸா மிளகாய் விழுது. வட ஆப்பிரிக்கச் சமையலில் நம் நாக்குக்கு உடனே உறவாகிவிடுவது துனிசியாவுடையதுதான். மொராக்கோ சமையல் இனிப்பும் வாசனையுமாக வேறு திசையில் போகும். இரண்டையும் 'அரபுச் சாப்பாடு' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் சீனாவின் வென்சோ பகுதிக்காரர்கள், பின்னர் வடகிழக்குச் சீனர்கள். பதின்மூன்றாம் வட்டாரத்தில் கிடைக்காத சீனம் இங்கே கிடைக்கும். பெல்வில் நாற்சந்தியிலிருந்து சில நிமிடத்தில் ரூ சிவியாலில் 'ரவியோலி நோர்-எஸ்ட்' என்று சின்னக் கடை. கடைப் பெயரே வடகிழக்கு என்று சொல்லிவிடுகிறது. தட்டு நிறையக் கொழுக்கட்டை, வேகவைத்ததும் வதக்கியதும். உட்கார வசதியோ அலங்காரமோ எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்திலேயே ரூ லூயி-பொன்னேயில் 'தோங் ஹுவோங்' வியட்நாமிய உணவகம். பதின்மூன்றாம் வட்டாரம் தூரம் என்கிறவர்களுக்கு அது போதும். பெல்வில் தெருச்சந்தை செவ்வாய், வெள்ளி காலைகளில். விலை குறைவு, கூச்சல் அதிகம்.

வழியில் லாசப்பல். தமிழ் வாசகர்களுக்கு இதைப் பற்றி நான் விரிவாகச் சொல்லப்போவதில்லை. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் கார் து நோர் ரயில் நிலையத்தின் பின்புறத் தெருக்களைத் தங்கள் கடைத்தெருவாக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு முன்பே பிரெஞ்சுக் குடியுரிமையோடு வந்திருந்த புதுச்சேரி, காரைக்கால்காரர்களும் உண்டு. ஃபோபூர் சான்-டெனி தெருவின் மேல்பகுதி, ரூ காய், ரூ பெர்தொனே, இவற்றில் நடந்தால் கொத்து ரொட்டி தட்டுகிற சத்தம் வழிகாட்டும். ரோல்ஸ், பற்றிஸ், இடியாப்பம், சொதி எல்லாம் உண்டு. தோசை வேண்டுமென்றால் ரூ காயில் 'கிருஷ்ண பவன்', பெரிய தெருவில் சரவண பவன். இங்கே ஒரே ஒரு யோசனை: வாரம் ஒரு முறைக்கு மேல் போகாதீர்கள். ஊர் நினைவு வரும்போதெல்லாம் லாசப்பல் ஓடிப்போய் ஆறு மாதத்தையும் அங்கேயே கழித்துவிட்டுத் திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதில் அலுவலகத் தோழர்களை ஒரு நாள் அழைத்துப் போங்கள். அவர்கள் பதிலுக்குத் தங்கள் பாட்டி வீட்டுச் சமையல் எங்கே கிடைக்கும் என்று காட்டுவார்கள். அலுவலகத்தில் அல்ஜீரிய, போர்த்துக்கீசிய, அர்மீனியக் குடும்பத்துப் பிள்ளைகள் யாராவது கட்டாயம் இருப்பார்கள், எந்தக் கைபேசிச் செயலியும் அவர்களுக்கு ஈடாகாது.

4ஆம் வழித்தடம் நகரை வடக்கு தெற்காக வெட்டுகிறது. வடக்கே ஷாதோ ரூஜ் நிலையத்தில் படியேறி வெளியே வந்ததும் மக்காச்சோளம் சுடுகிற வாசனையும் கூட்டமும். இரண்டு எட்டு வைத்தால் தெஜான் சந்தை: வாழைக்காய், மரவள்ளி, வெண்டைக்காய், மரவள்ளி இலை, மலைமலையாக மீன். மேற்கு, நடு ஆப்பிரிக்கர்கள் புறநகர்களிலிருந்தெல்லாம் வந்து வாங்குகிறார்கள். சுற்றியுள்ள தெருக்களில் செனகல், ஐவரி கோஸ்ட், காங்கோ, கேமரூன் சமையல். பெயர்பெற்றது செனகலின் தியேபுஜென். மீன், காய்கறி, தக்காளிச் சாற்றில் வெந்த நொய்யரிசி, 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த உணவு. இதை இரவில் கேட்காதீர்கள். செனகலில் அது மதியச் சாப்பாடு, இங்கேயும் பெரிய பாத்திரத்தில் காலையில் ஏற்றி மதியம் இறக்குவார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். பாத்திரத்தின் அடியில் பிடித்த பொறுகலையும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாகவே இந்தக் கடைகளில் அட்டையைப் பார்த்து ஆர்டர் செய்வதைவிட 'இன்று என்ன செய்திருக்கிறீர்கள்' என்று கேட்பது நல்லது. அட்டையில் இருபது இருக்கும், அடுப்பில் மூன்றுதான் இருக்கும், அந்த மூன்றும் நன்றாக இருக்கும். நிலக்கடலைக் குழம்பான மாஃபே, எலுமிச்சையும் வெங்காயமும் சேர்ந்த யாஸா கோழி, மரவள்ளிக் குருணையான அத்தியேக்கேயோடு சுட்ட மீன். குடிக்க இஞ்சிச் சாறு, அல்லது செம்பருத்தி வகைப் பூவில் செய்யும் பிஸ்ஸாப்.

இரண்டு நிலையம் தெற்கே கார் து நோர், அதற்கும் கீழே ஷாதோ தோ, ஸ்ட்ராஸ்பூர் சான்-டெனி. ஃபோபூர் சான்-டெனி ஒரே தெருதான், ஆனால் மேலே தமிழ், கீழே குர்திஷ், துருக்கி. கீழ்ப்பகுதியில் 'ஊர்ஃபா துரும்' என்று ஒரு துளிக் கடை. கண்ணெதிரே மாவை இழுத்துச் சுட்டு, கரியடுப்பில் வாட்டிய ஆட்டிறைச்சியோ ஈரலோ வைத்து, வெங்காயமும் பார்ஸ்லியும் தூவிச் சுருட்டித் தருவார்கள். நடைபாதையில் குட்டி முக்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிடலாம். அதே தெருவில் இருக்கிற பசாஜ் பிராடி என்கிற கூரை வேய்ந்த சந்து 1828இல் கட்டப்பட்டது, பார்க்க அழகு. உள்ளே வரிசையாக 'இந்திய' உணவகங்கள். வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாக அழைப்பார்கள். உங்களுக்கு அது தேவையில்லை.

இன்னும் தெற்கே சான்-மிஷேல். நிலையத்தை விட்டு வெளியே வந்து ரூ த லா ஊஷேத் பக்கம் திரும்பினால் கிரேக்க உணவகங்கள், ஆள் நின்று கூப்பிடுவது, வாசலில் தட்டு உடைத்துக் கவனத்தை ஈர்ப்பது. உலகப் புகழ்பெற்ற நோத்ர்-தாம் தேவாலயம் ஐந்து நிமிட நடையில் இருக்கிறது, வருகிறவர்கள் மறுபடி வரப்போவதில்லை, அப்புறம் எதற்கு நன்றாகச் சமைக்க வேண்டும்? வாசலில் கூப்பிடுகிற கடைக்குள் போகாதீர்கள் என்ற ஒரு விதியை மட்டும் கடைப்பிடித்தாலே பாரிஸில் பாதி ஏமாற்றம் குறையும்.

மூன்று வழித்தடத்துக்கு வெளியேயும் சில உண்டு. மாரே பகுதியில் ரூ தெ ரோசியே, பழைய யூதர் தெரு. 1946 முதல் இருக்கிற சாஷா ஃபிங்கெல்ஸ்டெயின் என்கிற மஞ்சள் கடையில் கிழக்கு ஐரோப்பிய யூத ரொட்டிகளும் சீஸ் கேக்கும். எதிர்ப்பக்கம் போனால் கொண்டைக்கடலை வடையான ஃபலாஃபலுக்கு 'லாஸ் து ஃபலாஃபல்' முன்னால் நீண்ட வரிசை. ஒரே தெருவில் போலந்து யூதர் சமையலும் மத்தியக் கிழக்குச் சமையலும் இருப்பதற்குக் காரணம் இரண்டு வெவ்வேறு காலத்துக் குடியேற்றங்கள். அந்த ஃபலாஃபல் கடைக்கு வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை சபாத் என்கிற யூதர்களின் வார ஓய்வு, சனிக்கிழமை போய் ஏமாறாதீர்கள். பதினைந்தாம் வட்டாரத்தில் ரூ தெ ஸாந்த்ரப்ரனர், 1979 புரட்சிக்குப் பின் வந்த ஈரானியர்களின் கடைகள்: குங்குமப்பூ ஐஸ்கிரீம், பிஸ்தா, கீரையும் இறைச்சியும் சேர்ந்த குழம்பான குர்மே சப்ஸி. ஐந்தாம் வட்டாரத்தில் 1926இல் திறக்கப்பட்ட பெரிய மசூதியின் தேநீர் முற்றத்தில் புதினாத் தேநீரும் பாதாம் பலகாரமும் சாப்பிடலாம். அங்கே உணவை விட இடம்தான் விசேஷம், ஒரு மாலைக்குப் போய் வரலாம்.

பணம் கொஞ்சம் செலவழிக்கத் தயார் என்றால் வெளிநாட்டுச் சமையல்காரர்கள் பிரெஞ்சுச் சமையலை மாற்றிவரும் கதையும் இங்கே நடக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த கேய் கொபயாஷி 2020இல் மிஷலன் உணவக வழிகாட்டியின் மூன்று நட்சத்திரம் வாங்கினார். பிரான்ஸில் அதை வாங்கிய முதல் ஜப்பானியர் அவர். லெபனான் வம்சாவளி அலன் ஜெயாம் 2018இல் ஒரு நட்சத்திரம். மாலி, செனகல் வேர்கள் கொண்ட மொரி சாக்கோ நடத்தும் 'மோசுகே' 2021இல் ஒரு நட்சத்திரம். ஆப்பிரிக்காவும் ஜப்பானும் பிரான்ஸும் ஒரே தட்டில். இரவு விலை கையைக் கடிக்கும், மதிய மெனு இருந்தால் அதைப் பிடியுங்கள். முன்பதிவு இல்லாமல் போக முடியாது. இந்த வகை இடங்களுக்கு மட்டும் மிஷலன், ல ஃபூடிங் போன்ற வழிகாட்டிகள் நன்றாகவே உதவும்.

தெருவுக்கு வந்தாயிற்று, நான்கு கடை எதிரே இருக்கிறது, எதில் நுழைவது? உணவு அட்டை நீளமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சீனம், தாய், ஜப்பான் மூன்றும் ஒரே பலகையில் என்றால் நடையைக் கட்டுங்கள். கண்ணாடிப் பெட்டியில் தட்டுத் தட்டாக வைத்து எடைபோட்டு, நுண்ணலை அடுப்பில் சூடாக்கித் தரும் 'த்ரேத்தர் அசியாத்திக்' கடைகளும் அந்த ரகம்தான். ஒரு ஊர்ப் பெயரையோ ஒரு பண்டத்தையோ பெயரில் வைத்திருக்கிற கடை நல்ல அறிகுறி. கூரை போட்ட சட்டி போல ஒரு சின்னம் அட்டையில் இருந்தால் அது 'வீட்டுச் செய்முறை' அடையாளம், 2014 முதல் சட்டப்படி வந்தது. பதப்படுத்தாத பொருளிலிருந்து அங்கேயே சமைத்தது என்று அர்த்தம். ஆனால் குடியேறியோர் கடைகள் பலவற்றில் அந்தச் சின்னத்தைப் போட்டுக்கொள்ளவே மெனக்கெடுவதில்லை, அதனால் சின்னம் இல்லை என்று ஒதுக்க வேண்டாம்.

இணைய மதிப்பெண்ணைப் பார்ப்பதென்றால் இப்படிப் பாருங்கள்: வரைபடத்தில் 'வியட்நாமிய உணவகம்' என்று பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ தேடாமல், பண்டத்தின் பெயரை அந்த நாட்டு எழுத்திலேயே ஒட்டித் தேடுங்கள். வருகிற கடைகளில் வியட்நாமிய மொழியில் எழுதிய கருத்துகள் இருக்கிறதா என்று பாருங்கள். 'சேவை மெதுவாக இருந்தது, காரம் அதிகம், அலங்காரம் இல்லை' என்று ஒரு பிரெஞ்சுக்காரர் இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தால் அந்தக் கடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவியின் சைவம் பற்றி. இங்கே சைவம் என்றால் மீன் சாப்பிடுவார்கள் என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு, இறைச்சி இல்லை, மீன் இல்லை, அந்தச் சாறும் இல்லை என்று மூன்றையும் சொல்ல வேண்டும். வட ஆப்பிரிக்கக் கடைகளில் காய்கறி குஸ்குஸ் (கோதுமைக் குருணையும் சாறும்) கேட்டாலும் சாறு பெரும்பாலும் ஆட்டிறைச்சியோடு கொதித்ததாக இருக்கும்; இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். வியட்நாமியக் கடைகளில் மீன் சாறு எதில் இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். ஜப்பானியச் சாற்றில் உலர்ந்த மீன். அவருக்கு நிம்மதியான இடங்கள் ஃபலாஃபல் கடைகளும், சின்னச் சின்னத் தட்டுகளில் வரும் லெபனான் மெஸ்ஸேயும். அதைவிட நல்லது எத்தியோப்பிய உணவகங்கள். எத்தியோப்பியக் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி நாள்களிலும் நீண்ட விரத காலங்களிலும் இறைச்சியும் பாலும் தொடமாட்டார்கள். அதனால் பருப்பு, கீரை, கோஸ், பீட்ரூட் என்று விரதத் தட்டு அவர்கள் சமையலிலேயே நிறைவாக இருக்கிறது. புளித்த டெஃப் மாவில் சுட்ட இஞ்ஜேரா ஒரு பெரிய ஆப்பம் மாதிரி, அதன்மேலேயே கறிகளைப் பரப்பிக் கையால் சாப்பிட வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒரே தட்டு வாங்கலாம், உங்களுக்கு ஒரு ஓரத்தில் கோழிக் குழம்பு வைக்கச் சொல்லிக்கொள்ளலாம். அவருக்கு அதில் ஆட்சேபம் இல்லையென்றால்.

நடைமுறை விஷயங்கள் கொஞ்சம். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் 'போன்ஜூர்'. அதைச் சொல்லாமல் நேராக ஆர்டர் செய்தால் மரியாதைக் குறைவு. இது சீனக் கடைக்கும் செனகல் கடைக்கும் சேர்த்துத்தான், அவர்களும் பாரிஸ்காரர்களே. சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீர் இலவசம், 'உய்ன் கராஃப் தோ' என்று கேளுங்கள், கேட்காவிட்டால் பாட்டில் வரும். பரிமாறுகிற கட்டணம் விலையிலேயே அடக்கம், மேலே வைப்பது உங்கள் இஷ்டம். பில் தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். சின்னக் கடைகளில் குறிப்பிட்ட தொகைக்குக் கீழே கார்டு வாங்க மாட்டார்கள், பத்திருபது யூரோ கையில் இருக்கட்டும். பிரெஞ்சு உணவகங்களின் அடுப்பு மதியம் இரண்டு, இரண்டரைக்கு அணைந்தால் இரவு ஏழுக்கு மேல்தான் எரியும். நாலு மணிக்குப் பசித்தால் பெல்வில், பதின்மூன்றாம் வட்டாரம், லாசப்பல்தான் கதி. ஞாயிறு, திங்கள் பலர் மூடுவார்கள், அன்றைக்கும் இவைதான்.

நீங்கள் வருவது கோடையில் என்றால் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். ஆகஸ்டில் பாரிஸ் உணவகங்கள் பல இரண்டு மூன்று வாரம் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடும், போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். குடியேறியோர் வட்டாரங்களில் அவ்வளவு பாதிப்பு இருக்காது. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ரூ பஜோல் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் வரும். தேரன்று லாசப்பலில் எந்த உணவகத்திலும் இடம் கிடைக்காது, ஆனால் தெருவில் நீரும் மோரும் தின்பண்டமும் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். காலையிலேயே போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் மெட்ரோ வாசலைத் தாண்டுவதே கஷ்டம்.